மேலத்தெரு குடும்பம்: அந்த அட்லாண்டா வீடியோ

27 அக்டோபர் 2024, ஞாயிறு

காலை 6:38
ராமு பெரியப்பா: [வீடியோ. பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது]

ராமு பெரியப்பா: அமெரிக்காவில் நடக்கும் அக்கிரமத்தைப் பாருங்கள். இரவு எல்லோரையும் அனுப்பிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து சூட்கேஸ் சூட்கேஸாகக் கள்ள ஓட்டு எடுக்கிறார்கள் இரண்டு பெண்கள். நம் கவிதா இருக்கும் அட்லாண்டாவில்தான். அனைவருக்கும் பகிரவும்.

லலிதா பெரியம்மா: எல்லோருக்கும் காலை வணக்கம். காதுகுத்துத் தேதியை இன்றாவது முடிவு செய்யுங்கள். வேன்காரர் கேட்கிறார்.

சுந்தரி அத்தை: அண்ணி, அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும்? போன வருடம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிட்டது.

கணேசன் சித்தப்பா: நவம்பர் 17 நல்ல நாள். கார்த்திகை 2. ஞாயிறு.

கவி அக்கா: பெரியப்பா, அந்த வீடியோவைத் தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள்.

பாபு அண்ணா: அப்பா, மறுபடியுமா?

ராமு பெரியப்பா: ஏன்? கண்ணால் பார்ப்பதும் பொய்யா? சிசிடிவி அம்மா அது.

காலை 6:51
கவி அக்கா: சிசிடிவி உண்மைதான் பெரியப்பா. மேலே எழுதியிருப்பதுதான் பொய். அது இந்தத் தேர்தலும் இல்லை, 2020 நவம்பர் தேர்தல். இடம் ஸ்டேட் ஃபார்ம் அரீனா, கூடைப்பந்து மைதானம். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், தபால் ஓட்டுகளை அங்கேதான் எண்ணினார்கள். சூட்கேஸ் என்று சொல்வது ஓட்டுச்சீட்டு வைக்கும் வழக்கமான பெட்டி. அன்றைய வேலை முடிந்தது என்று நினைத்துப் பெட்டியை மூடி மேசைக்கு அடியில் வைத்தார்கள். அப்புறம், இல்லை, தொடர்ந்து எண்ணுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அதே பெட்டியை எடுத்து எண்ணினார்கள். முழு வீடியோவில் பெட்டியை உள்ளே வைப்பதும் தெரியும். வெட்டிய துண்டில் எடுப்பது மட்டும்தான் இருக்கும்.

கவி அக்கா: அந்த இரண்டு பேரும் அம்மாவும் மகளும். ரூபி ஃப்ரீமேன், ஷே மாஸ். அவர்கள் வாழ்க்கையே இந்தத் துண்டு வீடியோவால்தான் நாசமானது. அதனால்தான் சொல்கிறேன்.

அம்மா: நீ இன்னும் தூங்கவில்லையா கவி?

கவி அக்கா: இங்கே இரவு ஒன்பதரைதான் அம்மா.

லலிதா பெரியம்மா: சுந்தரி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். கையில் உருட்ட வர வேண்டும், ஆனால் மெத்தென்று இருக்க வேண்டும்.

ராமு பெரியப்பா: டிரம்பின் வக்கீலே சட்டசபையில் போட்டுக் காட்டினாராமே. வக்கீல் பொய் சொல்வாரா?

பாபு அண்ணா: சித்தப்பா, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

கணேசன் சித்தப்பா: கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னாரா, வெளியில் சொன்னாரா என்று கேட்க வேண்டும் அண்ணா. இரண்டும் வேறு.

காலை 7:04
கவி அக்கா: அதேதான் சித்தப்பா. 2020 டிசம்பர் 3 அன்று, அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் செனட் கூட்டத்தில் டிரம்பின் ஆட்கள் இந்தத் துண்டைப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு கூட்டத்தில் டிரம்பின் வக்கீல் ஜூலியானி, அவர் நியூயார்க் மேயராக இருந்தவர் பெரியப்பா, அம்மாவும் மகளும் போதைப் பொட்டலம் கைமாற்றுகிற மாதிரி யுஎஸ்பி டிரைவைக் கைமாற்றினார்கள் என்றார். இருவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களைப் பற்றி எந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள். அந்த அம்மா மகளுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு இஞ்சி மிட்டாய். மகள் 2022 ஜூனில் நாடாளுமன்றக் குழு முன்னால் சத்தியம் செய்து சொன்னாள்.

சுந்தரி அத்தை: இஞ்சி மரப்பாவா?

லலிதா பெரியம்மா: இஞ்சி என்றதும் ஞாபகம் வந்தது. தீபாவளி லேகியத்துக்குக் கண்டதிப்பிலி வாங்கியாயிற்றா? இங்கே நாட்டு மருந்துக் கடையில் இல்லை என்கிறார்கள்.

அம்மா: திருச்சியில் கிடைக்கும்.

சுந்தரி அத்தை: நான் வாங்குகிறேன். எவ்வளவு?

கவி அக்கா: கொஞ்சம் கேளுங்கள் எல்லோரும். அந்த மகளின் பழைய போன் பையனிடம் இருந்தது. அந்த நம்பருக்குத்தான் மிரட்டல் எல்லாம் வந்தது. பள்ளியில் படிக்கிற பையன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வருடம் பாடத்தில் தோற்றான். ஷே மாஸின் பாட்டி வீட்டுக்குள் ஆட்கள் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்தார்கள், நாங்களே கைது செய்யப் போகிறோம் என்று. ரூபி அம்மாவை எஃப்பிஐ வீட்டைவிட்டுப் போகச் சொன்னது. இரண்டு மாதம் வெளியில் இருந்தார். தன் பெயர் போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஊரெல்லாம் பெருமையாகத் திரிந்தவர் அவர். இப்போது மளிகைக் கடையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே நடுங்குகிறது என்று சாட்சி சொன்னார்.

தீபா: இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா.

ராமு பெரியப்பா: பாவம்தான். ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா?

அம்மா: இந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

சுந்தரி அத்தை: மீனா.

சுந்தரி அத்தை: வேண்டாம் மீனா. நல்ல நாளும் அதுவுமாக.

பாபு அண்ணா: என்ன விஷயம்?

லலிதா பெரியம்மா: பாபு, உனக்கு ஒன்றும் இல்லை. வேன் பேசியாயிற்றா?

காலை 7:19
கவி அக்கா: புகைந்ததா என்று பார்த்தார்கள் பெரியப்பா. ஜார்ஜியாவில் ஓட்டை மூன்று தடவை எண்ணினார்கள். அதில் ஒரு தடவை முழுக்கக் கையால். பைடன் ஜெயித்தது 11,779 ஓட்டில். மாநிலத் தேர்தல் வாரியம் விசாரித்து, 2023 ஜூனில் இந்தக் குற்றச்சாட்டு பொய், ஆதாரமில்லாதது என்று கோப்பை மூடியது. எஃப்பிஐயும் சேர்ந்து விசாரித்தது. அடுத்த மாதமே ஜூலியானி கோர்ட்டில், நான் சொன்னவை பொய்யான கூற்றுகள் என்பதை மறுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். சொன்னவரே கைவிட்டதை நாம் ஏன் கும்பகோணத்திலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

கணேசன் சித்தப்பா: அந்த அம்மாவும் மகளும் ஜூலியானி மேல் போட்ட அவதூறு கேஸ்தானே, எனக்குத் தெரியும். ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லியும் கொடுக்கவில்லை. அதனால் நீதிபதி பெரில் ஹோவெல், பொறுப்பு உன்னுடையதுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். தொகையை மட்டும் ஜூரி முடிவு செய்தது.

பாபு அண்ணா: எவ்வளவு?

கவி அக்கா: 14.8 கோடி டாலர். 2023 டிசம்பர் 15. அதில் 7.5 கோடி தண்டனைத் தொகை.

பாபு அண்ணா: ரூபாயில் 1,200 கோடிக்கு மேல்!

ராமு பெரியப்பா: ஒரு மிட்டாய்க்கா?

கவி அக்கா: மிட்டாய்க்கு இல்லை பெரியப்பா. பெயருக்கு.

சுந்தரி அத்தை: கொடுத்தாரா?

கவி அக்கா: ஆறு நாளில் திவால் மனு போட்டார். அந்த மனுவும் இந்த ஜூலையில் தள்ளுபடி. போன செவ்வாய்க்கிழமைதான் நியூயார்க்கில் நீதிபதி உத்தரவு போட்டார். மன்ஹாட்டன் வீடு, 1980 மாடல் மெர்சிடிஸ், இருபதுக்கும் மேற்பட்ட கைக்கடிகாரங்கள், எல்லாவற்றையும் அந்த இரண்டு பெண்களுக்கு ஒப்படைக்க வேண்டும். கைக்கு வரும்போதுதான் தெரியும் அத்தை.

தீபா: டிவிக்காரர்கள் மேல் கேஸ் இல்லையா? அவர்கள்தானே பரப்பியது.

காலை 7:33
கணேசன் சித்தப்பா: அது இன்னும் பெரிய கேஸ் தீபா. தங்கள் இயந்திரம் ஓட்டை மாற்றிவிட்டது என்று ஒளிபரப்பியதற்காக, டொமினியன் என்கிற வாக்கு இயந்திரக் கம்பெனி ஃபாக்ஸ் நியூஸ் சேனல் மேல் போட்டது. 160 கோடி டாலர் கேட்டார்கள். 2023 ஏப்ரல் 18, டெலவேர் கோர்ட்டில் ஜூரி எடுத்து உட்கார வைத்தாயிற்று. விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில் சமரசம். 78.75 கோடி டாலர். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கேஸில் ஜெயிப்பது சுலபம் இல்லை. 1964-ல் நியூயார்க் டைம்ஸ் கேஸில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. பொது வாழ்க்கையில் இருப்பவர் வழக்குப் போட்டால், செய்தி தப்பு என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும் கவலைப்படாமல் சொன்னார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

கவி அக்கா: அங்கேதான் ஃபாக்ஸ் மாட்டிக்கொண்டது. கோர்ட் கேட்டு வாங்கிய உள் மெசேஜ்களில், தொகுப்பாளர்களும் மேலதிகாரிகளும் இந்த மோசடிக் கதையை நம்பவில்லை என்று ஒருவருக்கொருவர் எழுதியிருந்தார்கள். ஆனால் திரையில் அதையே சொல்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நீதிபதி எரிக் டேவிஸ் விசாரணைக்கு முன்பே எழுதிவிட்டார், டொமினியனைப் பற்றிச் சொன்ன எதுவும் உண்மை இல்லை, அது பளிங்கு போலத் தெளிவு என்று.

பாபு அண்ணா: வாட்ஸ்அப் மெசேஜ்தான் மாட்டிவிட்டதா?

கவி அக்கா: மெசேஜ், மெயில் எல்லாம்.

பாபு அண்ணா: அப்பா, 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று இதே குழுவில் போட்டது யார்?

ராமு பெரியப்பா: அதை ஊரே போட்டது. என்னை மட்டும் சொல்லாதே.

லலிதா பெரியம்மா: காலையில் இட்லிக்கு வராமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ராமு பெரியப்பா: நான் எழுதவில்லையே கணேசா. வந்ததை அனுப்பினேன். அதற்கு என்ன சட்டம்?

கணேசன் சித்தப்பா: நம் ஊரில் அவதூறு சிவிலும் உண்டு, கிரிமினலும் உண்டு அண்ணா. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 499, 500. ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356. இரண்டு வருடம் வரை சிறை. ஃபார்வர்டுதான் செய்தேன் என்பதும் எடுபடாது. முன்னாள் எம்எல்ஏ ஒருவர், பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி என்றார் நீதிபதி.

ராமு பெரியப்பா: என் மேல் அமெரிக்காக்காரி கேஸ் போடப் போகிறாளா?

காலை 7:46
கவி அக்கா: போட மாட்டார்கள் பெரியப்பா. நான் கேஸைப் பற்றிக் கவலைப்பட்டு இதை எழுதவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குடியுரிமை வாங்கியதிலிருந்து நான் இங்கே வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். வரும் 5ஆம் தேதியும் போகிறேன். 2022-ல் ஒருவர் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேராக வீடியோ எடுத்தார். நான் செய்துகொண்டிருந்தது ஒரு பாட்டிக்கு அடையாள அட்டை சரிபார்க்கிற வேலை. அவர் எதுவும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. எந்தத் துண்டை வெட்டி எங்கே போடுவார்களோ என்று. உங்கள் ஃபார்வர்டைப் பார்த்ததும் அதே பயம் வந்தது. அந்த வீடியோவில் இருப்பது நானாகவும் இருக்கலாம். கும்பகோணத்தில் யாரோ ஒரு பெரியவர் அதைப் பார்த்து, அக்கிரமத்தைப் பாருங்கள் என்று எழுதுவார்.

தீபா: அக்கா, ஏன் சொல்லவே இல்லை?

அம்மா: போக வேண்டாம் கவி.

கவி அக்கா: போவேன் அம்மா. எல்லோரும் பயந்து விலகினால் யார் எண்ணுவது? ஷே மாஸ் பத்து வருடத்துக்கு மேல் செய்த வேலை அது. வயதானவர்களுக்குத் தபால் ஓட்டு வாங்கிக் கொடுப்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது அவளும் அங்கே இல்லை.

பாபு அண்ணா: அப்பா, எடுங்கள்.

சுந்தரி அத்தை: அண்ணா, எடுத்துவிடுங்களேன். அட்டிகை விஷயத்தில் நாம் பட்டது போதாதா?

பாபு அண்ணா: எந்த அட்டிகை? பாட்டியுடையதா?

லலிதா பெரியம்மா: சுந்தரி!

சுந்தரி அத்தை: சொல்லிவிடுகிறேன் அண்ணி. 15 வருடம் ஆயிற்று. கல்யாணத்தன்று காணோம் என்றதும், மீனாதான் கடைசியாகப் பீரோவைத் திறந்தாள் என்று ஒருவர் சொல்ல, நான் நாலு பேரிடம் சொன்னேன். ஆமாம், நானும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது. அம்மாவே வைத்து மறந்திருக்கிறாள். கிடைத்ததைப் போய் அந்த நாலு பேரிடம் நான் சொல்லவில்லை.

அம்மா: இப்போது எதற்கு அத்தாச்சி அதெல்லாம்.

அம்மா: இரண்டு கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

கவி அக்கா: எனக்குத் தெரியும் அம்மா. உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

காலை 8:02
ராமு பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராமு பெரியப்பா: எடுத்துவிட்டேன்.

கவி அக்கா: நன்றி பெரியப்பா.

பாபு அண்ணா: வாக்கிங் குழுவிலும் போட்டீர்களா?

ராமு பெரியப்பா: நாலு நாள் முன்பே போட்டேன். 112 பேர் அதில். எடுக்கப் போனால் எடுக்க விடவில்லை. என் போனில் மட்டும் அழிகிறது.

பாபு அண்ணா: நேரமாகிவிட்டது, இனி எல்லோரிடமிருந்தும் எடுக்க முடியாது. தப்பு என்று எழுதிப் போடுங்கள்.

ராமு பெரியப்பா: ரிடையர்டு தாசில்தார் எல்லாம் இருக்கிறார்கள். என்னவென்று எழுத?

கவி அக்கா: இந்த அம்மாவும் மகளும் ஓஏஎன் என்ற சேனல் மேலும் கேஸ் போட்டார்கள் பெரியப்பா. 2022-ல் சமரசம் ஆனது. இருவரும் எந்த ஓட்டு மோசடியும் செய்யவில்லை என்று அந்த சேனலே திரையில் சொன்னது. அரை நிமிடம்தான். நீங்களும் இரண்டு வரி போதும். நான் எழுதித் தருகிறேன்.

ராமு பெரியப்பா: நீ எழுதி அனுப்பு. பார்க்கிறேன்.

பாபு அண்ணா: பார்க்கிறேன் என்றால்?

லலிதா பெரியம்மா: பார்க்கிறேன் என்றால் பார்க்கிறேன்தான். சாப்பிட விடு அவரை.

கணேசன் சித்தப்பா: காதுகுத்து 17 தானே? குருக்களிடம் சொல்லிவிடவா?

கவி அக்கா: சித்தப்பா, 17 முடியாது. பையனுக்கு தேங்க்ஸ்கிவிங் லீவு 25ஆம் தேதியிலிருந்துதான்.

கணேசன் சித்தப்பா: மார்கழிக்கு முன்னால் முடிக்க வேண்டும். 29 வெள்ளி எப்படி?

சுந்தரி அத்தை: வெள்ளிக்கிழமை என் சம்பந்தி வீட்டில் ஏதோ இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன். கண்டதிப்பிலி எவ்வளவு வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

லலிதா பெரியம்மா: 50 கிராம்.

காலை 8:21
அம்மா: கும்பகோணத்திலிருந்து போன் வருகிறது. மூத்தவர் நம்பர்.

தீபா: எடு அம்மா.

கவி அக்கா: எடு.

காலை 8:47
கணேசன் சித்தப்பா: வேனுக்கு முன்பணம் கொடுக்கலாமா வேண்டாமா?