தங்கச்சியின் உயர்தரப் பரீட்சைப் பதற்றம்: உதவி தேவை

வணக்கம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். தங்கச்சி இந்த முறை உயிரியல் பிரிவில் உயர்தரம் (பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை) எடுக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்ய உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, பேனையை வைத்துவிட்டு அழுகிறாள். இரவில் நித்திரையும் இல்லை. கொழும்பு மாவட்டத்துக்கு மருத்துவ பீடத்துக்கு எடுபட வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, உயரம்தான், அதையே யோசிக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களும் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) எவ்வளவு வரும் என்றே கேட்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது.

1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தில் தமிழில் பேசியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் தமிழ் பேசும் நல்ல உளவளத்துணையாளர் யாரும் இருக்கிறார்களா? இதே பதற்றத்தோடு பரீட்சை எழுதிய அக்காமார், அண்ணாமார், கடைசி மாதத்தில் என்ன செய்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள், அவளிடமே வாசிக்கக் கொடுக்கிறேன்.