மேற்கே முழுக்கக் கண்ணாடி, 18 பேர்: புது ஆபீஸை எப்படி அமைக்கலாம்?

அவிநாசிரோடு:
வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறேன். ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசர்கள் 8 பேர், கணக்கில் 4 பேர், சாம்பிளும் ஷிப்மென்ட் டாக்குமென்ட்டும் பார்ப்பவர்கள் 6 பேர். தை பிறந்ததும் புது இடத்துக்குப் போகிறோம். முதல் மாடியில் 1,700 சதுர அடி ஹால், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. தடுப்பே வேண்டாம், நீள மேசை போட்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் கலந்து பேசி வேலை வேகமாக நடக்கும் என்கிறார் இன்டீரியர்காரர். எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. இப்போதைய இடத்தில் மதியம் 3 மணிக்கு மேல் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள், இன்வாய்ஸில் தவறு வருவதும் அப்போதுதான். எதில் காசு போடலாம், எது வீண்?

பேரேடு:
அண்ணா, நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். முன்பு வேலை பார்த்த ஆபீஸில் இதே நீள மேசைதான். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் நாள் முழுக்க டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு ராத்திரி துணி வந்தாகணும்" என்று கத்திக்கொண்டிருப்பார். அவர் வேலை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர் அந்தச் சத்தத்தில் எப்படி எண்களைச் சரிபார்ப்பது? ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டினால், கூப்பிட்டது கேட்கவில்லையா என்று திட்டு. தயவுசெய்து கணக்கைத் தனியாக உட்கார வையுங்கள்.

வரைகோல்:
சார், கோவையில் அலுவலகங்களுக்குப் பிளான் போடும் வேலையில் இருக்கிறேன். பேரேடு சொல்வதுதான் முதல் வேலை.

தடுப்பை எடுத்தால் பேச்சு பெருகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்குச் சென்சார் மாட்டி, திறந்த ஹாலுக்கு மாறும் முன்பும் பின்பும் அளந்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு: நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மெயிலும் மெசேஜும் கூடின. நாலு பேர் பார்வையிலேயே இருக்கிறவர் ஸ்கிரீனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்.

அதனால் சத்தத்தை வைத்து ஹாலைப் பிரியுங்கள். மெர்ச்சண்டைசர்களும் சாம்பிள்காரர்களும் படிக்கட்டுப் பக்கம் சேர்ந்தே இருக்கட்டும், அவர்களுக்குப் பேச்சுதான் வேலை. கணக்கும் டாக்குமென்ட்டும் எதிர் மூலையில். நடுவில் சாம்பிள் ரேக்கையே சுவர்போல நிறுத்துங்கள். சீலிங் போடுவதானால் வெறும் ஜிப்சம் வேண்டாம், சத்தம் அதில் பட்டுத் திரும்பும். மினரல் ஃபைபர் பலகை ஓரளவு உறிஞ்சும்.

உங்கள் தொழிலில் வெளிச்சம் இன்னொரு தலைவலி. லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமிட்ட சின்னத் துணி மாதிரி) பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸை அந்தக் கண்ணாடிப் பக்கம் வைத்துவிடாதீர்கள். சாயங்கால வெயில் உள்ளே விழுந்தால் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கு இருந்தும் நிறத்தின் ஷேட் ஏமாற்றும். வெளி வெளிச்சம் எட்டாத மூலையில், சுற்றிலும் சாம்பல் நிறச் சுவரோடு வையுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும், முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

3 மணிச் சோர்வுக்குச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. அடைத்த அறையில் 18 பேர் விடும் மூச்சு நேரமாக ஆகச் சேரும். கரியமில வாயு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி, இப்போதைய ஆபீஸிலேயே வைத்துப் பாருங்கள். வெளியே 420 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். மதியத்தில் 1,000ஐத் தாண்டினால் புதுக்காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்படியானால் ஒரு பக்கம் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் வடிகட்டி வைத்த காற்றுவழி என்று முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

மேற்கு வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, சூடு உள்ளே வந்தது வந்ததுதான். வெளியே மூங்கில் தட்டியோ சாய்வுப் பட்டைகள் கொண்ட லூவரோ கட்டுங்கள், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்குத் தாங்கும்படி இரும்புச் சட்டத்தில்.

அவிநாசிரோடு:
ரொம்ப நன்றிங்க. மீட்டருக்கு இன்றே ஆர்டர் போடுகிறேன். என் அறை எங்கே வரலாம்? நான் பாதி நாள் யூனிட்டில்தான் இருப்பேன்.

வரைகோல்:
அப்படியானால் அதைப் பூட்டி வைக்காதீர்கள். நடுவில் வைத்து, கதவை இடைவெளி இல்லாமல் போட்டு, நீங்கள் இல்லாதபோது பையரோடு வீடியோ கால் பேச எல்லாருக்கும் கொடுங்கள். ஹாலில் பாதிச் சத்தம் அங்கே போய்விடும்.

பேரேடு:
நாற்காலி பற்றியும் ஒன்று, அண்ணா. மொத்தமாக ஆர்டர் செய்யும் முன் இரண்டு மாடலை வரவழைத்து எல்லாரையும் உட்கார வைத்துப் பாருங்கள். என்னைப்போல 5 அடி உயரம் உள்ளவர்களுக்கு மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் கால் தரையில் படாது, சாயங்காலம் முழங்கால் வீங்கியது போல வலிக்கும். காலுக்கு ஒரு சாய்வுப் பலகை போட்டால் போதும், தச்சர் செலவில்லாமல் அடித்துக் கொடுப்பார்.