கரும்புச் சக்கை ஹைட்ரோஜெல்: குறுக்குப் பிணைப்பு உண்டாகியிருப்பதை எவ்வாறு உறுதிசெய்வது?

ரெதுயி மாணவி (மொரிஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸைப் பிரித்து, அதைக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸாக (இனி சிஎம்சி) மாற்றி, சிட்ரிக் அமிலம் சேர்த்துப் படலமாக வார்த்து, 80 பாகை செல்சியஸில் சூடேற்றி ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வீங்கும், ஆனால் கரையாத பாலிமர் வலை) தயாரிக்கிறேன். தீவின் வடக்கே, மழை குறைந்த பாம்ப்ளெமூஸ் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில், வேர்ப்பகுதியில் நீரைத் தேக்கிவைக்க இது உதவுமா என்று பார்ப்பதே என் முதுநிலை ஆய்வின் நோக்கம்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் 1730 செ.மீ⁻¹ அருகே, சிஎம்சியில் இல்லாத புதிய பட்டை ஒன்று தெரிகிறது. அது எஸ்டர் (அமிலமும் ஹைட்ராக்சிலும் இணைந்து உண்டாகும் பிணைப்பு) என்றும், ஆகவே சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு நிகழ்ந்துவிட்டது என்றும் எழுதினேன். அந்த ஒரு பட்டை மட்டும் போதாது என்று ஆய்வு மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். டிஎஸ்சியில் (சூடேற்றும்போது மாதிரி கொள்ளும் வெப்பத்தை அளக்கும் முறை) 105 பாகை அருகே அகலமான வெப்பம் கொள்ளும் முகடு வருகிறது. அதைக் கண்ணாடிநிலை மாற்றம் (விறைத்த பாலிமர் இளகத் தொடங்குவது) என்று கொள்ளலாமா? படலம் காய்ச்சி வடித்த நீரில் தன் எடையைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு நீரை ஏற்கிறது. வீங்கிய நிலையில் ரியோமீட்டர் காட்டும் சேமிப்பு மீள்குணகம் (ஜெல்லின் மீள்விறைப்பு) 10 கிலோபாஸ்கல். இவற்றைக் கொண்டு வேறு எதையெல்லாம் நிறுவ முடியும்?

பழைய பாலிமர்காரர் (கியூர்பிப்)

மதிப்பீட்டாளர் சொன்னது சரி. சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்தவுடன் கரைசலின் அமிலத்தன்மை கூடுகிறது. சிஎம்சியின் கார்பாக்சிலேட் தொகுதிகளில் ஒரு பகுதி புரோட்டானை ஏற்றுக் கார்பாக்சிலிக் அமிலமாகிறது. 1590 முதல் 1600 வரை இருந்த பட்டையின் ஒரு பங்கு இதனாலேயே 1730 பக்கம் போய்விடும். வினைபுரியாமல் எஞ்சிய சிட்ரிக் அமிலமும் அதே இடத்தில்தான் தெரியும். ஆகவே எஸ்டர் ஒன்றுகூட உண்டாகாத படலத்திலும் உங்கள் பட்டை வரக்கூடும்.

முதலில் படலத்தை நீரில் நன்றாக அலசி, கரையக்கூடியவற்றை நீக்குங்கள். பிறகு குளிர்ந்த, நீர்த்த சோடியம் பைகார்பனேட் கரைசலில் சிறிது நேரம் வைத்து, மீண்டும் அலசி, உலர்த்தி அளவிடுங்கள். கட்டற்ற அமிலங்கள் எல்லாம் உப்பாகி 1590 பக்கம் திரும்பிவிடும். அதன் பின்னும் 1735 அருகே நிலைத்திருப்பதே எஸ்டர். சோடியம் ஹைட்ராக்சைடை இங்கே பயன்படுத்த வேண்டாம், அது எஸ்டரையே அறுத்துவிடும். ஆனால் அதே ஹைட்ராக்சைடு இன்னொரு சோதனைக்கு உதவும்: நீரில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாத ஜெல், காரத்தில் ஊறியபின் கரைந்துபோனால், அதைத் தாங்கி நின்றது எஸ்டர் பிணைப்புத்தான் என்பதற்கு அது நிறமாலையைச் சாராத சான்று.

நிறமாலையை ஏடிஆர் முறையில் (மாதிரியைப் படிகத்தின்மேல் அழுத்தி வைத்து) அளவிட்டால் கதிர் பரப்பிலிருந்து ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழத்தையே காண்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உலர்த்தும்போது அமிலம் பரப்பை நோக்கி நகர்ந்திருக்கலாம். எனவே படலத்தை வெட்டி உட்பக்கத்தையும் பாருங்கள்.

ஒப்பீட்டு மாதிரிகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சிஎம்சியை அமில வடிவில் வைத்துச் சூடேற்றினால், சிட்ரிக் அமிலம் இல்லாமலேயே அதன் சொந்தக் கார்பாக்சில் தொகுதிகள் பக்கத்துச் சங்கிலிகளின் ஹைட்ராக்சில்களோடு எஸ்டராகிக் கரையாத பொருளைத் தரும். ஆகையால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதே பிஎச் அளவுக்குக் கொண்டுவந்து, அதே வெப்பத்தில் வைத்த மாதிரி ஒன்றும், சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடேற்றாத மாதிரி ஒன்றும் அவசியம் வேண்டும். மூன்றிலும் கரையாமல் எஞ்சும் பங்கை எடைபோட்டு ஒப்பிட்டால், சிட்ரிக் அமிலத்தின் உண்மையான பங்கு எவ்வளவு என்பது வெளிப்படும்.

டிஎஸ்சி முகட்டுக்கு விடை சுருக்கமானது: அது நீர். கண்ணாடிநிலை மாற்றம் வெப்ப ஏற்புத்திறனில் ஒரு படியாகத் தெரியுமே தவிர அகன்ற முகடாக வராது. எங்கள் ஊர் ஈரத்தில் சிஎம்சியைத் திறந்துவைத்தால் அரைநாளில் நீரை இழுத்துக்கொள்ளும். வெற்றிடத்தில் உலர்த்தி, துளையிட்ட மூடி போட்ட கிண்ணத்தில் வைத்து, இரண்டாம் முறை சூடேற்றும்போது கிடைக்கும் வளைகோட்டை மட்டும் பேசுங்கள்.

ஜெல்_அளவை (டர்பன்)

முந்தைய பதிவோடு முழுதும் உடன்படுகிறேன். மீள்குணகத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நேரியல் எல்லைக்குள் அதிர்வெண்ணை மாற்றி அளந்து, சேமிப்பு மீள்குணகம் ஏறக்குறைய தட்டையாகவும், இழப்பு மீள்குணகத்தை (பாகுபோல் ஆற்றலை இழக்கும் பங்கு) விடப் பத்து மடங்காவது பெரியதாகவும் இருந்தால், சங்கிலிச் சிக்கல் மட்டுமல்ல, நிலையான வலைப்பின்னல் இருக்கிறது என்று சொல்ல இடமுண்டு.

அந்த 10 கிலோபாஸ்கலை இரு பிணைப்புகளுக்கு இடையிலான சங்கிலி நிறையாக மாற்றும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 50 மடங்கு நீர் என்றால் பாலிமரின் செறிவு கனமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம். ரப்பர் மீள்மைச் சமன்பாட்டில் இதை நேரடியாக இட்டால், 25 பாகையில், மோலுக்கு 5,000 கிராம் அளவில் விடை வரும். ஆனால் உங்கள் பிணைப்புகள் உலர்ந்த படலத்தில் உண்டாயின. அளந்ததோ வீங்கிய ஜெல்லை. உலர்நிலையை ஆதாரமாகக் கொண்டு, அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1,600 கிலோகிராம் என வைத்து, பாலிமரின் கனஅளவுப் பின்னத்தின் மூன்றாம் மூலத்தால் பெருக்கினால் விடை சுமார் 92,000 ஆகிறது. சிஎம்சியின் சராசரி மூலக்கூற்று நிறையை எடுத்துக்காட்டாக 2,50,000 என்று கொண்டு, ஃபுளோரியின் சங்கிலி முனைத் திருத்தத்தையும் (கட்டப்படாத முனைகள் சுமை தாங்காததற்கானது) சேர்த்தால் 53,000. ஒரே அளவீடு, மூன்று விடைகள்! மேலும், மின்னேற்றத்தால் மிகையாக நீண்ட சங்கிலிகளுக்கு இச்சமன்பாடு அப்படியே பொருந்தாது. எனவே தனி மதிப்பாக வெளியிடாமல், சிட்ரிக் அமிலத்தின் அளவை மாற்றிச் செய்த மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது.

வடக்குத் தோட்டம் (மொரிஷியஸ்)

நான் மண் வேதியியல் பக்கம். 50 மடங்கு என்பது காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த எண். தோட்டத்தில் அந்த நீர் கிடையாது. வீக்கத்தைத் தள்ளுவது பெரும்பாலும், ஜெல்லுக்குள் சிறைப்பட்ட சோடியம் அயனிகளால் எழும் சவ்வூடு அழுத்தம். வெளியே உப்பு கூடினால் அந்த வேறுபாடு குறைந்து வீக்கம் சரியும். கால்சியம் இன்னும் கடுமையானது. ஒரே அயனி இரண்டு கார்பாக்சிலேட்டுகளைக் கட்டி ஜெல்லை இறுக்கிவிடும். பாசன நீரிலும், உரம் கலந்த நீரிலும், மண்ணின் சுமை அழுத்தும் நிலையிலும் அளந்து காட்டாத வரை, நீரைத் தேக்கும் பொருள் என்ற உரிமைகோரல் நிற்காது. உப்பாக்குவதற்கு இறுதியில் பொட்டாசியம் சேர்மத்தைப் பயன்படுத்தினால் மண்ணில் சோடியம் சேர்வதையும் தவிர்க்கலாம்.

இன்னொன்று. முன்னுரையில் சக்கையை ‘வீணாகும் கழிவு’ என்று எழுதிவிடாதீர்கள். அறுவடைக் காலத்தில் நம் ஆலைகள் அதை எரித்துத்தான் மின்சாரம் தயாரித்து வலையமைப்புக்கு அனுப்புகின்றன. இங்கே அதற்கு விலை உண்டு, உங்கள் ஜெல் அந்த விலையோடு போட்டியிட வேண்டும்.

ரெதுயி மாணவி

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. பைகார்பனேட் சோதனையையும் ஹைட்ரோகுளோரிக் அமில ஒப்பீட்டு மாதிரியையும் முதலில் செய்கிறேன். ஒரு சிறு ஐயம்: டிஜிஏயில் (சூடேற்றும்போது எடை குறைவதை அளக்கும் முறை) 700 பாகைக்கு மேலும் சாம்பல் எஞ்சுகிறது. சக்கையிலிருந்து வந்த சிலிக்கா என்று அதைக் கொள்ளலாமா?

பழைய பாலிமர்காரர் (கியூர்பிப்)

முழுவதையும் அப்படிக் கொள்ள முடியாது. சோடியம் சிஎம்சி சிதையும்போது சோடியம் கார்பனேட்டை விட்டுச்செல்லும். பதிலீட்டு அளவு (ஒரு குளுக்கோஸ் அலகுக்குச் சராசரியாக எத்தனை கார்பாக்சிமெத்தில் தொகுதிகள் என்பது) 0.7 என்றால் கணக்குப்படி அதுவே உலர் எடையில் 17 விழுக்காடு. நைட்ரஜனில் சூடேற்றினால் கரியும் சேரும். காற்றில் எரித்து, எஞ்சியதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடுங்கள். கார்பனேட் நுரைத்துக் கரையும், சிலிக்கா கரையாமல் தங்கும். வடிகட்டி எடைபோட்டால் போதும்.