பாதிப் பேருக்கு "டோஸ் கூட்டு" என்கிறது டேப் கணினி: ஏற்காடு மலையில் பி.பி. பார்ப்பவர்கள் உதவுங்கள்

மலைநர்ஸ்:
வணக்கம். ஏற்காடு பக்கம் மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்.சி.டி. (பி.பி., சர்க்கரை மாதிரி தொற்றாநோய்) நர்ஸாக இருக்கிறேன். டேப்பில் ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். பி.பி. அளவு, சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை உண்டா இல்லையா எல்லாம் போட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று அதுவே சொல்லும். காபிப் பழம் பறிக்கிற சீசன் தொடங்கியதிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரையில் சிவப்பு எச்சரிக்கைதான், "அம்லோடிபின் 5-ஐ 10 ஆக்கு" அல்லது "டெல்மிசார்டன் சேர்" என்று (இரண்டும் பி.பி. மாத்திரை, எண் மில்லிகிராம்). எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார், அடுத்த மாசமும் அதே சிவப்பு. மென்பொருள் தப்பா, இல்லை நாங்கள் பதிவு போடுகிற முறை தப்பா? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஓமலூர்டாக்டர்:
சிஸ்டர், மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். நோயாளி வந்து எவ்வளவு நேரம் கழித்து, எங்கே, எப்படி உட்கார வைத்து அளவு எடுக்கிறீர்கள்? டேப்பில் கிடக்கிற அளவுகளையும் ஒரு பார்வை பாருங்கள். 150/100, 160/90 என்று முக்கால்வாசி பூஜ்யத்தில் முடிந்தால் அது கண்ணால் பார்த்துத் தோராயமாகப் போட்ட எண்.

மலைநர்ஸ்:
பூஜ்யம் நிறையத்தான் இருக்கிறது டாக்டர். அளவு எடுப்பது வராண்டாவில், வரிசையில். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மேடேறி நடந்து வருகிறார்கள், வந்தவுடன் ஸ்டூல். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள், அதைக் கழற்றச் சொன்னால் தயங்குவார்கள், அதனால் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பி.பி. கருவியின் பட்டையைக் கட்டுகிறோம். கையைத் தாங்க மேஜை கிடையாது. பல பேர் வழியில் காபி குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

ஓமலூர்டாக்டர்:
இதில் ஒவ்வொன்றும் அளவைக் கெடுக்கும். காபி, பீடி இல்லாமல் அரை மணி நேரம். முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, பேசாமல் 5 நிமிடம். கை இதய மட்டத்தில் ஒரு மேஜை மேல் இருக்க வேண்டும், தொங்கினால் எண் ஏறும். சுருட்டிய ஸ்வெட்டர் கையைப் பிடித்து நெருக்கும், ஒரு கையை மட்டுமாவது கழற்றச் சொல்லுங்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுத்து, டேப்பில் சராசரியைப் போடுங்கள்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு "எல்லாம் பொய் அளவு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் பி.பி. நிஜமாகவே கொஞ்சம் ஏறும். ஒழுங்காக எடுத்தும் 140/90-க்கு மேல் நின்றால் அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டும். மாசா மாசம் தள்ளிப்போடுவதுதான் பி.பி. வைத்தியத்தில் பெரிய ஓட்டை, அதை அடைக்கத்தான் இந்த மாதிரி மென்பொருளே வந்தது.

சேலம்தரவு:
இந்த வகை மென்பொருளில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உள்ளே இருப்பது பெரிய மூளை இல்லை, சிகிச்சை நெறிமுறையை "இப்படியானால் அப்படி" என்று எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் போடும் எண்ணை அது சந்தேகப்படாது. இன்னொன்று, சிக்னல் இல்லாத இடத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உருவாகிவிடும், ஒன்றில் பழைய மாத்திரை, இன்னொன்றில் புதுசு. அலைபேசி எண்ணை வைத்துத் தேடி, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கச் சொல்லி உங்கள் மேல் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இந்த மாதிரி மென்பொருளைச் சோதித்துப் பார்த்த எம்வெல்கேர் ஆய்வையும் நினைவில் வையுங்கள். ஹரியானாவிலும் கர்நாடகாவிலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்தது, முடிவு 2019-ல் வெளிவந்தது. மென்பொருள் இருந்த இடத்திலும் பி.பி. குறைந்தது, பயிற்சியும் வழிகாட்டி அட்டையும் மட்டும் கொடுத்த இடத்திலும் குறைந்தது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் தெரிவது ஆள்களின் கவனம்தான் வேலை செய்தது என்பது.

வீடுதேடி:
அக்கா, நான் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் தன்னார்வலர், வாழப்பாடிப் பக்கம். மாத்திரை கொடுத்தோம் என்று பதிவு இருக்கும், அவர்கள் முழுங்கினார்களா என்று இருக்காது. போன வாரம் ஒரு பாட்டி வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்தால் பாதி அட்டை அப்படியே இருக்கிறது. கேட்டால் "கால் வீங்குதும்மா, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள்" என்கிறார். அவருக்கு டேப் "10 ஆக்கு" என்கிறது. 5-க்கே வீங்குகிற காலுக்கு 10 கொடுத்தால் அவர் முழுசாக நிறுத்திவிடுவார். அதனால் அட்டையோடு வரச் சொல்லுங்கள், எண்ணிப் பாருங்கள். திட்டாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

ஓமலூர்டாக்டர்:
அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. கால் வீக்கம் அம்லோடிபினுக்குத் தெரிந்த பக்கவிளைவு, அவரை டாக்டரிடம் அனுப்புங்கள், மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது. சிஸ்டர், தோட்ட வேலைக்காரர்கள் மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள், அதுவும் பி.பி.யை ஏற்றும்.

மலைநர்ஸ்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று உள் அறையில் மேஜை போட்டு, உட்கார வைத்து எடுத்தேன். வராண்டாவில் 156/98 காட்டிய ஓர் அம்மாவுக்கு இப்போது இரண்டு அளவின் சராசரி 138/86, சிவப்பு போய்விட்டது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும் ஒரு பெரியவருக்கு இரண்டு தடவையும் 160-க்குக் குறையவில்லை. அவருடைய அட்டையையும் இரண்டு அளவையும் டாக்டர் முன்னால் வைத்தேன், உடனே கூட்டி எழுதினார். ஒரு சந்தேகம் பாக்கி. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணுக்கு "டெல்மிசார்டன் சேர்" என்று வருகிறது, கர்ப்பம் பற்றி டேப் எதுவுமே கேட்கவில்லை.

ஓமலூர்டாக்டர்:
கொடுக்காதீர்கள், முதலில் கேளுங்கள். கர்ப்பத்தில் டெல்மிசார்டன் கூடவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலோ, ஆகும் வாய்ப்பு இருந்தாலோ வேறு மருந்துதான், டாக்டர் முடிவு செய்வார். மற்றவர்களுக்கும் டெல்மிசார்டன் தொடங்கும்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பம் பற்றிய கேள்வி டேப்பில் இல்லை என்பதை இன்றே எழுத்தில் அனுப்புங்கள் சிஸ்டர், அதே மென்பொருள் மற்ற நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும்.