ஞாயிறு காலை 6:24: பழைய நகரங்களில் விழுந்தவையும் வெறிச்சோடியவையும் (அனுபவப் பகிர்வு)

முச்சந்தி:

நூறு வருஷத்துக்கு ஒருமுறை நடுங்கும் ஊர்களைப் பற்றி மட்டும் இந்த இழையில் பேசுவோம். ஜப்பான், சிலி வேண்டாம். அங்கே கட்டுகிறவருக்கும் பழக்கம், குடியிருப்பவருக்கும் பழக்கம். 5 முதல் 6 வரையான அளவில் எப்போதோ வந்து, பழைய நகர நடுவைக் குதறிவிட்டுப் போகிற நடுக்கங்களைத்தான் சொல்கிறேன். பயந்து ஓடிய கதைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே கட்டடத்தில் எதைப் பார்த்தீர்கள், எது விழுந்தது, என்ன செய்தபிறகு தெரு திறந்தது, அவ்வளவு போதும்.

குரோவேஷியாவின் ஜாக்ரெப்பை முதலில் வைக்கிறேன். 2020 மார்ச் 22, ஞாயிறு, காலை 6:24. அளவு, கணக்கிடும் முறையைப் பொறுத்து 5.3 முதல் 5.5. மையம் நகர நடுவிலிருந்து வடக்கே சுமார் 7 கி.மீ., ஆழம் சுமார் 10 கி.மீ. அதற்கு முன் அந்த ஊரைப் பெரிதாக உலுக்கியது 1880 நவம்பர் 9. இடையில் 140 வருஷம். கீழ்நகரம் என்று அவர்கள் சொல்கிற வரிசைவீட்டுப் பகுதியில் பெரும்பாலானவை 1880க்குப் பிறகு எழுந்தவைதான். ஆனாலும் நிலநடுக்கக் கணக்கு இல்லாமல் கட்டியவை. யுகோஸ்லாவியாவில் முதல் நிலநடுக்கக் கட்டட விதிகள் வந்ததே 1963 ஸ்கோப்யே நடுக்கத்துக்குப் பிறகு, 1964இல்.

2020இல் சேதமான கட்டடங்கள் 25,000ஐ ஒட்டி. இறந்தது ஒரு பதினைந்து வயதுச் சிறுமி. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருக்கிற தூரத்துக்கு ஞாயிறு விடிகாலையும் கொரோனா முடக்கமும் காரணம். சனிக்கிழமை முற்பகலில் நகர நடுவில் காபி குடிக்க உட்காருவதற்கு அங்கே ‘ஷ்பிட்சா’ என்று தனிப் பெயரே உண்டு. போகோவிச்சேவா தெருவிலும் பூச்சதுக்கத்திலும் மேசைகள் சுவரோரம் வரைக்கும் நெருங்கிக் கிடக்கும். முடக்கத்தால் நடுக்கத்துக்கு மூன்று நாள் முன்பே காபிக்கடைகளை மூடியிருந்தார்கள். செங்கல் கொட்டிய நடைபாதைகளில் ஆளில்லை.

கூரைமேல்:

விழுந்ததில் முதல் இடம் புகைப்போக்கிக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் செங்கல் 29×14×6.5 செ.மீ. ஒன்று நாலரைக் கிலோ வரும். கூரைக்கு மேலே 2 மீட்டர் நிற்கிற 45×90 செ.மீ. புகைப்போக்கி, புகைத் துளைகளைக் கழித்தாலும் ஒரு டன்னைத் தாண்டும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சுண்ணாம்புச் சாந்து ஒன்றுதான். உள்ளிருந்து கரிப்புகையின் கந்தகம் சாந்தை அரிக்கிறது, வெளியிலிருந்து மழையும் உறைபனியும். அடியில் தரை ஆடுவதைவிட உச்சியில் ஆட்டம் பல மடங்கு. முறிகிற இடம் எப்போதும் கூரைக்கு வெளியே வருகிற மட்டம். தெருப்பக்கம் விழுந்தால் நடைபாதை போச்சு. உள்பக்கம் விழுந்தால் கூரை ஓடுகளையும் பரணையும் துளைத்து மேல்மாடியில் இறங்கும்.

விழாமல் நிற்கிற புகைப்போக்கி இன்னும் மோசம். வெளியே நேராகத் தெரியும், பரணுக்குள் ஒரு விரல் அளவு நகர்ந்திருக்கும். எரிவாயுக் கொதிகலனைப் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு படுக்கை அறைக்குள் வரும். வரிசை இப்படி: எரிவாயுவை மூடு, பரணில் கரித்துடைப்புக் கதவைத் திற, உள்ளே கேமரா இறக்கு, பிறகு புகை விட்டுப் பார். நான்கும் முடிகிறவரை அடுப்பு கிடையாது. அன்றைக்கு அங்கே பனி வேறு பெய்தது. குளிர் தாங்காமல் பற்றவைக்கிற ஆசையைத் தடுப்பதுதான் முதல் வேலை.

இறக்கும்போது மலை மீட்புக் குழுவினர் கயிற்றில் தொங்கி ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். மேலிருந்து கீழாக, கூரை மட்டத்துக்குக் கீழே இரண்டு வரிசை வரை. தள்ளிவிடக் கூடாது. ஒரு தள்ளலில் பக்கத்துக் கூரையும் போகும். பிறகு வாயை மூடித் தார்ப்பாய் போடாவிட்டால், நடுக்கம் கெடுக்காத மேல்மாடியை மழை கெடுக்கும்.

முச்சந்தி:

பேராலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்குக் கோபுரத்தின் உச்சி முறிந்து பக்கத்துப் பேராயர் மாளிகை மேல் விழுந்தது. வடக்கு உச்சி சாய்ந்து நின்றதால் ஏப்ரல் 17 அன்று சிறு வெடி வைத்துப் பிரித்துக் கிரேனில் இறக்கினார்கள். அந்தத் துண்டு மட்டும் சுமார் 30 டன்.

சுண்ணாம்புச்சாந்து:

புகைப்போக்கி கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை. தெரியாதது சுவருக்கும் தளத்துக்கும் இடையே ஒட்டு இல்லாதது.

அந்த வீடுகளில் மர விட்டங்கள் தெருச் சுவரிலிருந்து நடுச் சுவருக்குப் போகும். முனை சுவருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், உராய்வுதான் பிடி. விட்டத்துக்கு இணையாக ஓடுகிற பக்கச் சுவருக்கு அதுவும் இல்லை. ஆடும்போது சுவர் புத்தக அட்டை மாதிரி வெளியே திறக்கும். பார்க்க வேண்டிய அடையாளம்: சுவர் மூலையில் செங்குத்து விரிசல், கீழே மயிரிழை, மேலே போகப் போக அகலம். இதைப் பார்த்தால் அந்த அறையில் யாரும் தங்கக் கூடாது. ஜன்னல்களுக்கு நடுவிலுள்ள தூணில் பெருக்கல் குறி போட்ட மாதிரி விரிசல் இருந்தால் அந்தத் தூண் தன் பலத்தைச் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். அறையின் உள்கூரையிலிருந்து நாணல்பாய்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை. மக்கள் பயப்படுவது மூன்றாவதுக்கு. முதலாவதைப் பூசி மறைத்துவிடுவார்கள்.

மருந்து பழசுதான்: இழுகம்பி. தள மட்டத்தில் 20 முதல் 24 மி.மீ. எஃகுக் கம்பி, இரு முனையிலும் மரை, சுவருக்கு வெளியே 30 செ.மீ. சதுரத் தகடு, நட்டு. தொய்வு போகிற அளவுக்கு இறுக்கினால் போதும். பெரிய ஸ்பேனர் போட்டு இறுக்கினால் தகட்டுக்குப் பின்னால் சாந்து நொறுங்கி, பிடிமானமே போகும். வெளியில் வெயில் படுகிற 12 மீட்டர் கம்பி, 30 டிகிரி ஏறினால் 4 மி.மீ.க்கு மேல் நீளும். அதனால் ஒரு கோடை, ஒரு குளிர் கழிந்தபின் மறுபடி இறுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதாதவர்கள்தான் அதிகம்.

சாந்து எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், முதல் கட்டத்துக்கு வீட்டுச் சாவி போதும். சுரண்டினால் மாவாக உதிர்கிறதா? அப்படியென்றால் கம்பி மட்டும் போதாது. சுண்ணாம்புக் குழம்பை அழுத்தம் குறைவாகச் செலுத்தி, இருபுறமும் கண்ணாடி நார் வலையும் சுண்ணாம்புப் பூச்சும். ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து இடத்தில் இரு வலையையும் சுவருக்குக் குறுக்கே கோக்க வேண்டும். கோக்காத வலை தனியாக உரிந்து வரும்.

விட்டத்துக்கு மேலே 10 செ.மீ. மண்ணும் இடிபாடும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதை எடுத்துவிட்டு இலேசான நிரப்பும் பலகைத்தளமும் போட்டு, தளத்தைச் சுவரோடு ஆணியடித்துப் பிணைப்பதில் கிடைக்கிற பலன் சுவரில் எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காது.

சாரக்கம்பு:

நல்ல விளக்கம் சார். ஒன்று விட்டுவிட்டீர்கள், கீழ்த்தளக் கடை. மேலே மூன்று மாடி வீடு, கீழே காபிக்கடைக்காகவும் துணிக்கடைக்காகவும் தூணை எடுத்துக் கண்ணாடி வைத்திருப்பார்கள். தெருவுக்கு உயிர் கொடுப்பதும் அந்தக் கண்ணாடிதான், கட்டடத்தின் காலை உடைத்ததும் அதுதான். மூல வரைபடத்தைக் காப்பகத்திலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தை அளந்து பாருங்கள், வரைபடத்தில் நாலு தூண், நேரில் இரண்டு. சுவரைத் திரும்பக் கட்டினால் கடை போகும். திறப்பைச் சுற்றி எஃகுச் சட்டம் பொருத்திப் பழைய சுவரோடு ஆணிகளால் பிணைத்தால் கடையும் நிற்கும். ஆனால் சட்டத்துக்கு மேலே இடுக்கு விடாமல் ஆப்பு அடித்துச் சுருங்காத சாந்து நிரப்ப வேண்டும். இடுக்கு இருந்தால் சட்டம் வெறும் அலங்காரம்.

அடுத்தது தெருவை மூடுகிற விஷயம். முழுச் சுவரும் சாயலாம் என்றால் சுவர் உயரத்தின் ஒன்றரை மடங்குக்குத் தடுப்பு வைப்பது வழக்கம். பழைய நகரத்தில் 16 மீட்டர் சுவர், 8 மீட்டர் தெரு. ஒரு கெட்ட கட்டடம் எதிர்வரிசைக் கடைகளையும் சேர்த்து மூடிவிடும். முட்டுக் கொடுப்பதிலேயே இதை யோசிக்க வேண்டும். தரையில் ஊன்றிச் சாய்த்த முட்டு தெருவை அடைக்கும். ஒடுக்கமான தெருவானால் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே, தள மட்டத்தில் குறுக்கு முட்டு போடலாம், அடியில் தீயணைப்பு வண்டி போகிற உயரம் விட்டு. எதிர்வீடு உறுதியா என்று பார்த்த பிறகுதான். பார்க்காமல் போட்டால் ஒன்று இழுத்து இன்னொன்றும் போகும்.

இத்தாலியின் லாக்குயிலாவில் (2009 ஏப்ரல் 6, அதிகாலை 3:32, அளவு 6.3, 309 பேர் இறந்தார்கள், இந்த இழையின் அளவுக்குச் சற்று மேலேதான்) தீயணைப்புத் துறையினர் மர முட்டு, எஃகுக் குழாய், தூணைச் சுற்றி இறுக்குகிற பாலியெஸ்டர் பட்டை என்று போட்டதெல்லாம் பொறியியலாக அருமை. ஆனால் நகர நடு முழுவதும் சிவப்பு வளையமாக வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. குடியிருந்தவர்களுக்கு ஊரைச் சுற்றி 19 புதுக் குடியிருப்புகள். வீடு நன்றாகத்தான் இருந்தது, அதிர்வுதாங்கி வைத்துக் கட்டியது. சாயங்காலம் யாரையாவது தற்செயலாகப் பார்க்கிற சதுக்கம் மட்டும் இல்லை. 2010 தொடக்கத்தில் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவண்டியோடு வளையத்துக்குள் புகுந்து தாங்களே இடிபாட்டை அள்ளினார்கள். வேகமாக இறக்கித் தெருவைத் திறப்பதா, மெதுவாக ஒவ்வொரு கல்லையும் காப்பதா என்று கேட்டால், பிரதான தெரு ஒன்றையாவது முதல் வருஷத்திலேயே சாரச் சுரங்கம் (சாரத்தால் மூடிய நடைவழி) போட்டு நடக்க விட வேண்டும் என்பேன். 5 செ.மீ. பலகை இரட்டை அடுக்கில், மேலே கல் விழுந்தாலும் தாங்கும்படி.

மஞ்சள்காகிதம்:

ஜாக்ரெப்பில் சேதத்தை ஆய்வு செய்தபின் கட்டடங்களில் ஒட்டிய காகிதங்களைப் பற்றி ஒரு தெளிவு, தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு. பச்சை: தங்கலாம்; தங்கலாம், ஆனால் சில வேலை செய்யுங்கள். மஞ்சள்: தற்காலிகமாக வேண்டாம், விரிவான ஆய்வு தேவை; தற்காலிகமாக வேண்டாம், அவசர வேலை முடித்தால் போகலாம். சிவப்பு: பக்கத்துக் கட்டடம் உங்கள் மேல் விழலாம்; உங்கள் கட்டடமே சேதம்.

பச்சை என்றால் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. நடுக்கத்துக்கு முந்தின நாள் இருந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அது அன்றைக்கே பலவீனமாக இருந்திருக்கலாம். அதே வருஷம் டிசம்பர் 29 அன்று 50 கி.மீ. தள்ளிப் பெட்ரின்யாவில் 6.4 வந்தபோது ஜாக்ரெப்பில் மறுபடி ஆய்வு தேவைப்பட்டது.

மஞ்சள் வீட்டில் சிக்கல் பொறியியலைவிட உரிமையாளர்களில்தான். ஒரு படிக்கட்டில் பன்னிரண்டு வீடு, பெரும்பான்மை கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் இறந்து வாரிசு பதிவாகவில்லை. நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே பத்திரத்தைச் சரிசெய்து வைப்பதும் பலப்படுத்தும் வேலையில் சேர்த்தி. இன்னொன்று, வரிசைவீட்டில் பொதுச்சுவர். ஒருவர் மட்டும் பலப்படுத்திவிட்டு இருந்தால் பக்கத்து வீட்டுத் தளம் வந்து இடிக்கும். இத்தாலியில் ஒட்டுக்கட்டடங்களை ஒரே அலகாக வைத்துக் கூட்டமைப்பு அமைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

முச்சந்தி:

நேரக் கணக்குக்கு இரண்டு ஊர் சேர்க்கிறேன். ஸ்பெயினின் லோர்காவில் 2011 மே 11, புதன். 17:05க்கு 4.5, 18:47க்கு 5.1. முதலாவதுக்குப் பயந்து வெளியே வந்தவர்கள் தெருவில் நின்றார்கள். இரண்டாவதில் 9 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் விளிம்புக் கல்லும் விழுந்து. முழுதாக இடிந்தது ஒரே ஒரு குடியிருப்புக் கட்டடம். வெளியே ஓடு என்பது பாதி அறிவுரை. ஓடி, சுவர் உயரத்துக்கு அப்பால், சதுக்கத்தின் நடுவில் நில் என்பதுதான் முழுசு. ஒடுக்கமான தெருவில் அப்படி ஓர் இடமே இல்லையென்றால் ஆடுகிறவரை உள்ளே மேசையடியில் இருப்பதே மேல்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில், 1989 டிசம்பர் 28, காலை 10:27, அளவு 5.6, 13 பேர் இறந்தார்கள். ஹாமில்டன் பகுதியின் போமான்ட் தெருவில் மூன்று பேர் கடை முன் நிழற்கூரைக்கு அடியில். நிழற்கூரையைத் தாங்கும் கம்பியை மேலே செங்கல் சுவரில் மாட்டியிருந்தால், செங்கல் வரும்போது கூரையும் கூடவே வரும். அன்று பேருந்து வேலைநிறுத்தம், தெருவில் கூட்டம் குறைவு.

வெள்ளைநகரம்:

நம்மூர் ஆட்களுக்காக. 2001 செப்டம்பர் 25 இரவு 8:26க்குப் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்தது, சென்னையிலும் உணர்ந்தார்கள். பிரெஞ்சுத் தெருக்களிலும் தமிழ்த் தெருக்களிலும் இருப்பது அதே சங்கதி: சுண்ணாம்புச் சாந்து, மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம்), மரவிட்டம், மேலே நீளமான கைப்பிடிச் சுவர். புகைப்போக்கி மட்டும் கிடையாது. அதன் இடத்தில் தண்ணீர்த் தொட்டி.

மொட்டை மாடிக்குப் போய் இதைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் தன் தடிமனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயரமா? உள்பக்கம் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 50×50×6 மி.மீ. எஃகுக் கோணம் சாய்த்து, கீழ்முனையைத் தளச் செங்கலில் அடிக்காமல் விட்டத்தில் போல்ட் போட வேண்டும். 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைச் சுவரோரத்திலிருந்து எடுத்து உள்சுவர் மேலே கொண்டுபோங்கள். விட்ட முனை சுவருக்குள் போகிற இடத்தில் கம்பியால் குத்திப் பாருங்கள், கடல் ஈரத்தில் கரையான் அங்கேதான் முதலில் உட்காரும். கடைப் பெயர்ப் பலகையைக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்தால் கழற்றிக் கீழ்ச்சுவருக்கு மாற்றுங்கள். மேலே மாடி உணவகம் நடக்கிற வீடானால், மேசைகளைச் சுவரோரத்திலிருந்து தள்ளிப்போட்டு, கீழே வாசலில் காத்திருப்போர் வரிசையையும் அந்தச் சுவருக்கு நேர் அடியில் நிறுத்தாமல் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். இதற்குக் கொத்தனார்கூடத் தேவையில்லை.