வெண்ணாற்றங்கரைத் தோப்பில் கேரவன் வண்டி புதைந்துவிட்டது, எப்படி எடுப்பது?

கேள்வி:
டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். நீடாமங்கலம் பக்கம் தென்னந்தோப்பில் நிறுத்தியிருந்தோம். இரவெல்லாம் ஐப்பசி மழை. பின்சக்கரங்கள் களியில் பாதிவரை இறங்கிவிட்டன. என்ன செய்யலாம்?

மன்னார்குடிக்காரர்:
தம்பி, முதலில் எல்லோரும் இறங்குங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கவே வேண்டாம், சக்கரம் சுற்றச் சுற்ற இந்தக் களி வண்டியை உள்ளேதான் இழுக்கும். தொட்டித் தண்ணீரை ஹோஸ் போட்டுத் தூரமாக விடுங்கள். 100 லிட்டர் போனால் 100 கிலோ குறையும். சக்கரத்துக்குப் பின்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, தென்னை மட்டையைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, மேலே சாக்கு விரியுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். மட்டை தெறிக்கும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

திருச்சி வாசகர்:
டயர் காற்றைக் குறைத்தால்? கொள்ளிடம் மணலில் எனக்கு உதவியது.

மன்னார்குடிக்காரர்:
மணலுக்குச் சரி. களியில் டயர் பட்டன் (டயர்மேல் உள்ள புடைப்புகள்) இடுக்கெல்லாம் மண் அப்பிவிடும், பெரிய பலன் இராது. மட்டைக்கும் அசையவில்லை என்றால் டிராக்டர்தான். அது கெட்டித் தரையில் நிற்கட்டும், கயிறு நீளமாக இருக்கட்டும். பம்பரில் கட்டாதீர்கள், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். கயிறு அறுந்து ஆள்மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கேட்டவர்:
மட்டையில் கொஞ்சம் ஏறியது, மீதியை டிராக்டர் இழுத்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. அப்படியே கிளம்பலாமா?

மன்னார்குடிக்காரர்:
சக்கரத்தின் உள்பக்கக் களியைக் கழுவிவிட்டு, பிரேக்கை மெதுவாக மிதித்துப் பார்த்துக் கிளம்புங்கள்.