கெஸ்ட் வைஃபைக்கு ஏசிஎல் (எந்த டிராஃபிக்கை விடணும், எதை தடுக்கணும்னு சொல்ற லிஸ்ட்) போட்டா இன்டர்நெட்டும் சேர்ந்து போகுது, ஏன்?

கேபிள்மணி:
வணக்கம். ஆபீஸ்ல சிஸ்கோ கேட்டலிஸ்ட் லேயர் 3 ஸ்விட்ச், விலேன்களுக்கு (ஒரே ஸ்விட்ச்ல தனித்தனியா பிரிச்ச நெட்வொர்க்) நடுவுல ரூட்டிங்கும் அதுதான் பண்ணுது. சர்வர் எல்லாம் விலேன் 10 (192.168.10.0/24), கெஸ்ட் வைஃபை விலேன் 30 (192.168.30.0/24). கெஸ்ட் ஆளுங்க சர்வர் பக்கம் போகக்கூடாது, இன்டர்நெட் மட்டும் போதும். எக்ஸ்டெண்டட் ஏசிஎல்ல ரெண்டே வரி, 30ல இருந்து 10க்கு டினை (தடு), அடுத்து பெர்மிட் ஐபி எனி எனி (மத்தது எல்லாத்தையும் விடு). இன்டர்ஃபேஸ் விலேன் 30ல "அவுட்" போட்டா ஒண்ணுமே நடக்கல, "இன்" போட்டா சர்வர் கட் ஆகுது ஆனா போன்ல எந்த வெப்சைட்டும் வரமாட்டேங்குது. யாராவது சொல்லுங்க.

ரேக்ரூம்:
"இன்" தான் சரி. ஸ்விட்ச் பக்கம் நின்னு பாருங்க ப்ரோ, கெஸ்ட் அனுப்புற பாக்கெட் ஸ்விட்சுக்கு உள்ள வருது, அது இன். அவுட்ல போற பாக்கெட்டோட சோர்ஸ் 30 கிடையாது, அதான் டினை வரி மேட்ச்சே ஆகல. இன்டர்நெட் போயிருக்காது, டிஎன்எஸ் (வெப்சைட் பேருக்கு ஐபி சொல்றது) தான் போயிருக்கும். கெஸ்ட்ல இருந்து பேர் இல்லாம நேரா 8.8.8.8ங்கிற வெளி ஐபிக்கு பிங் அடிச்சு பாருங்க, வந்தா அதேதான். உங்க டிஎன்எஸ் சர்வர் விலேன் 10லயா இருக்கு?

கேபிள்மணி:
ஆமா, 192.168.10.5, டிஹெச்சிபியும் (போனுக்கு ஐபி குடுக்குறது) அதுலயேதான். பிங் வருது! டிஎன்எஸ்ஸுக்கு யூடிபி 53, டிசிபி 53, டிஹெச்சிபிக்கு யூடிபி 67, இந்த மூணு போர்ட்டுக்கும் அந்த ஐபிக்கு பெர்மிட் சேர்த்தேன், அப்பவும் சைட் வரல.

வயர்ஷார்க்தாசன்:
சும்மா டைப் பண்ணி சேர்த்தா புது வரி கடைசிலதான் போய் உட்காரும், ஏசிஎல் மேல இருந்து கீழ படிச்சு முதல்ல மேட்ச் ஆன வரியோட நின்னுடும், அதனால டினை முந்திக்குது. ஷோ அக்சஸ்-லிஸ்ட் பாருங்க, டினைக்கு நம்பர் 10 இருக்கும். அந்த மூணு வரியையும் முன்னாடி "நோ" போட்டு எடுத்துட்டு 5, 6, 7னு நம்பர் குடுத்து திரும்ப போடுங்க. ரிமோட்ல இருந்து செய்றீங்கன்னா முதல்ல ரீலோட் இன் 10 அடிச்சுக்குங்க, வெளிய மாட்டிக்கிட்டாலும் 10 நிமிஷத்துல ஸ்விட்ச் தானா ரீஸ்டார்ட் ஆகி, பூட் ஆனதும் சேவ் பண்ணியிருந்த பழைய கான்ஃபிக் வந்துடும், எல்லாம் ஓகே ஆன பிறகு ரீலோட் கேன்சல் பண்ணிட்டு சேவ் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி சேவ் பண்ணவே கூடாது.

ரேக்ரூம்:
இன்னொண்ணு, இந்த ஏசிஎல் ரூட் ஆகுற டிராஃபிக்கைத்தான் பாக்கும். ஒரே விலேன்ல ரெண்டு கெஸ்ட் பேசிக்கிறதை தடுக்காது, அதுக்கு ஆக்சஸ் பாயிண்ட்ல கிளையண்ட் ஐசொலேஷன் ஆன் பண்ணுங்க. விலேன் 30ல ஸ்விட்சோட ஐபி 192.168.30.1ன்னா, அதுக்கு எஸ்எஸ்ஹெச்சும் (ரிமோட் லாகின்) கெஸ்டுக்கு திறந்தேதான் இருக்கு, விடிஒய் லைன்ல (ரிமோட் லாகின் உள்ள வர்ற வழி) யார் வரலாம்னு சொல்ற அக்சஸ்-கிளாஸ் போட்டு அட்மின் ஐபிக்கு மட்டும் விடுங்க, இதை இன்னைக்கே செஞ்சிடுங்க.

கேபிள்மணி:
5, 6, 7 போட்டதும் சைட் வந்துடுச்சு, சர்வர் ஷேர் கெஸ்ட்ல ஓப்பன் ஆகல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, விடிஒய் இப்ப பண்றேன்.